காசு டப்பாவுக்கு விலை போடுறது யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய காசு கலெக்ஷனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேல்யுவேஷன் (தெரிஞ்சவர் மதிப்பு போட்டு எழுதித் தர்ற அறிக்கை) வாங்கிக்கோங்கன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதி வெச்சேன், அதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நினைக்கல. பாதி பேருக்கு ஒரே சந்தேகம்தான், அதனால ஒண்ணா சேத்து இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். ஸ்டாம்ப் பத்தி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், அப்பா தவறி எட்டு மாசம் ஆகுது. அவர் நாப்பது வருஷமா சேத்த காசு மூணு ஆல்பம், அது போக ஒரு தகர டப்பா நிறைய இருக்கு. எங்களுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. தம்பி இன்சூரன்ஸ் போட்டுடலாம்ங்கறான். பழைய காசு வாங்கி விக்கிற ஒருத்தர் வீட்டுக்கே வந்து ஃப்ரீயா மதிப்பு போட்டு தர்றேன்னு சொல்றார். வரச் சொல்லலாமா? (பேர் வேணாம்னு கேட்ட வாசகி)

இப்போதைக்கு வரச் சொல்லாதீங்கம்மா. அவர் கெட்டவர்னு சொல்ல வரல, நல்லவராவே இருக்கட்டும், ஆனா காசு வாங்கி விக்கிறவர் கண்ணுல முதல்ல ஓடுறது "இதை நான் எவ்வளவுக்கு எடுக்கலாம்"ங்கிற கணக்குதான், அது அவர் பொழப்பு. உங்களுக்கு வேண்டியது அந்த விலை இல்ல. நாளைக்கு இது திருடு போச்சுன்னா இதே மாதிரி இன்னொண்ணை கடையில போய் வாங்க எவ்வளவு ஆகும்ங்கிற விலை. ரெண்டுக்கும் நடுவுல சில காசுல பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். அதோட ஃப்ரீயா வர்றவர் நாலு காசை தனியா எடுத்து வெச்சு "இது மட்டும் நான் எடுத்துக்கறேன், மத்ததெல்லாம் சாதா"ன்னு சொன்னா மறுத்து பேச உங்களுக்கு என்ன தெரியும்? அந்த நாலுதான் மொத்த கலெக்ஷனோட உயிரா இருந்திருக்கும்.

மதிப்பு போட கூலி வாங்கறவரா பாருங்க. கூலி மணிக்கணக்கா இருக்கணும், இல்ல காசுக்கு இவ்வளவுன்னு இருக்கணும். மொத்த மதிப்புல இத்தனை பர்சென்ட் என் ஃபீஸ்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, ஏன்னா மதிப்பு ஏற ஏற அவருக்கு லாபம், அந்த பேப்பரை எந்த கம்பெனி நம்பும். போன்ல பேசும்போதே ஒரு கேள்வி கேட்டுடுங்க: "இதுல எதையாவது நீங்க வாங்கிப்பீங்களா?" இல்லைம்மா, மதிப்பு போட்டதை நான் வாங்க மாட்டேன்னு பட்டுனு சொல்றவர்தான் உங்களுக்கு வேணும். இழுத்தார்னா வேற ஆள் பாருங்க.

ஆனா அதுக்கு முன்னாடி நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. அப்பா வெச்ச வரிசையை கலைக்காதீங்க. சின்ன சின்ன கவர்ல அவர் கையால ஏதாவது எழுதியிருந்தா, எந்த வருஷம் யார்கிட்ட என்ன விலைக்கு வாங்கினார்னு குறிச்சிருந்தா, அந்த கவரை கிழிஞ்சது அழுக்குன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அது ஆதாரம். பில், ரசீது, ஏலத்துல எடுத்த துண்டு சீட்டு எல்லாம் ஒரு ஃபைல்ல போடுங்க. அப்புறம் மேஜை மேல மெத்துன்னு ஒரு டவலை விரிச்சு, காசை விளிம்புல மட்டும் பிடிச்சு (முகத்துல விரல் படவே கூடாது, கை ரேகை பதிஞ்சா செம்புல அப்படியே நின்னுடும்) ஒவ்வொண்ணா நம்பர் போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. எந்த நாடு, என்ன மதிப்பு, வருஷம், அடிச்ச நாணயச் சாலையோட சின்ன எழுத்தோ புள்ளியோ இருந்தா அதுவும். 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு ஒண்ணு வாங்கிட்டா எடையும் எழுதிடலாம். ரெண்டு பக்கமும் போட்டோ. பேர் தெரியலைன்னா விடுங்க, "தாடி வெச்ச ராஜா, பின்னாடி கப்பல்"னு எழுதினாலும் போதும், பேர் சொல்றது வர்றவர் வேலை.

இந்த லிஸ்டோட நீங்க உக்காந்தா மணிக்கணக்குக்கு கூலி வாங்கறவரோட நேரம் பாதியா குறையும். இன்னொண்ணு, எத்தனை காசு இருக்குன்னு உங்களுக்கு எண்ணிக்கை தெரியும்னு அவருக்கும் தெரியும். நான் யாரையும் சந்தேகப்படச் சொல்லல, ஆனா எண்ணாம குடுக்காதீங்க. முடிஞ்ச வரைக்கும் உங்க முன்னாடியே பாக்கச் சொல்லுங்க, எடுத்துட்டு போய்தான் ஆகணும்னா போட்டோ ஒட்டின ரசீதுல கையெழுத்து வாங்குங்க, அவர்கிட்ட இருக்கும்போது காணாம போனா யார் பொறுப்புன்னும் அதுல எழுதி இருக்கணும்.

கடைசியில உங்க கைக்கு வர்ற அறிக்கையில என்ன இருக்கணும்னு சொல்லிடறேன், ஏன்னா இங்கதான் எனக்கே ஒரு தடவை அடி விழுந்துச்சு. பல வருஷம் முன்னாடி என் அலமாரிக்கு மேல ஓடுற தண்ணி பைப் ராத்திரியில வெடிச்சு ரெண்டு தட்டு முழுக்க ஊறிப் போச்சு. பேப்பர் கவர்லாம் கூழ், மை கரைஞ்சு நீலமா காசு மேல ஒட்டிக்கிச்சு, செம்புக் காசெல்லாம் ஒரே வாரத்துல புள்ளி புள்ளியா கறுத்துப் போச்சு. வேல்யுவேஷன் பேப்பர் இருக்கே, இன்சூரன்ஸ் இருக்கேன்னு தெம்பாதான் இருந்தேன். நஷ்டத்தை கணக்குப் போட கம்பெனி சர்வேயர் வந்தார், நல்ல மனுஷன், பேப்பரை வாங்கி ஒரு தடவை பாத்தார், அதுல இருந்தது இவ்வளவுதான்: "பழைய வெள்ளிக் காசு 140, செம்புக் காசு 200 சுமார், மொத்த மதிப்பு இன்ன தொகை." கீழ ஒரு கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அவர் ஒரு காசை எடுத்து காட்டி "இது அந்த 140-ல எதுங்க சார்?"னு கேட்டார். என்னத்த சொல்ல. கடைசியில வெள்ளிக்கு உருக்குற விலை மாதிரி ஏதோ குடுத்தாங்க, செம்புக்கு ஒண்ணுமில்ல.

அதனால அறிக்கையில உங்க பேரு, காசை பார்த்த தேதி, எந்த தேதி விலை, எதுக்காக போட்ட மதிப்பு (இன்சூரன்ஸுக்கா, சொத்துப் பிரிக்கவா, விக்கவா), எந்த வகை மதிப்பு, ஒவ்வொரு முக்கியமான காசுக்கும் தனி வரி, அந்த விலை எங்கிருந்து வந்துச்சுங்கிற விவரம், மதிப்பு போட்டவருக்கு இந்தத் துறையில என்ன தகுதி, இந்த காசுல அவருக்கு எந்த லாபமும் இல்லைங்கிற ஒரு உறுதி, கையெழுத்து, இதெல்லாம் இருக்கணும். சாதாரண காசுங்களை கொத்தா ஒரே வரியில போடலாம், ஒண்ணும் தப்பில்ல. தகர டப்பாவுல இருக்கிறது பெரும்பாலும் அந்த ரகமாத்தான் இருக்கும், ஆனா பார்க்காம சொல்லக் கூடாது, நல்லதை டப்பாவுல போட்டுட்டு சாதாவை ஆல்பத்துல அழகா அடுக்குற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன், நானே அப்படித்தான்.

கேள்வி: ஒரே வெள்ளிக் காசுக்கு ஒரு கடைக்காரர் 40-ங்கறார், இன்னொருத்தர் 100-ங்கறார், கேட்டலாக் புத்தகத்துல 250 போட்டிருக்கு. எதை நம்பி இன்சூர் பண்றது?

மூணு பேரும் உண்மைதான் சொல்றாங்க, அதுதான் வேடிக்கை. 40 சொன்னவர் எடுக்கிற விலை சொல்றார். அதுவும் சில சமயம் வெறும் உலோக விலைதான், எடையை பாத்து வெள்ளி விலையால பெருக்கி சொல்லிடுவாங்க. 100 சொன்னவர் விக்கிற விலை சொல்றார். புத்தகத்துல இருக்கிற 250 பளபளன்னு அடிச்ச மேனிக்கு இருக்கிற காசோட விலையா இருக்கும், உங்களுது தேஞ்சதா இருக்கும், அதே பக்கத்துல பக்கத்து கட்டத்துல பாருங்க உங்க கண்டிஷனுக்கு 90-ன்னோ 110-ன்னோ இருக்கும். புத்தகம் அச்சாகி எத்தனை வருஷம் ஆச்சுன்னும் பாருங்க.

இன்சூரன்ஸுக்கு வேணுங்கறது திரும்ப வாங்குற விலை, அதாவது 100 பக்கம். சொத்துப் பிரிக்கிறதுக்கோ வரிக்கோ கேட்டா அது வேற, ரெண்டு பேர் கட்டாயம் இல்லாம, விவரம் தெரிஞ்சு பேசி முடிக்கிற சந்தை விலை, அது பொதுவா இதை விட கம்மியா நிக்கும். அதனால அண்ணன் தம்பிங்க பாகம் பிரிக்க போட்ட பேப்பரை அப்படியே இன்சூரன்ஸுக்கு நீட்டாதீங்க. ஏல விலையை ஆதாரமா காட்டினா ஒண்ணு கவனிக்கணும், சுத்தியல் தட்டின விலை மட்டும் இல்ல, அதுக்கு மேல வாங்கறவர் குடுக்கிற கமிஷன் இருக்கு, 100-ல விழுந்த காசுக்கு 120 வரைக்கும் கூட கையை விட்டு போகும். திரும்ப வாங்க ஆகுற செலவு அந்த 120-தான்.

சரி, பாதுகாப்புக்கு 250-ன்னே போட்டுடலாமேன்னு தோணும். போட்டா 250-க்கு பிரீமியம் கட்டுவீங்க, கிளைம் வரும்போது நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான்னு 100 குடுப்பாங்க. முன்னாடியே ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட தொகைன்னு எழுதின பாலிசியா இருந்தாதான் போட்ட தொகை அப்படியே வரும், அந்த மாதிரி பாலிசிக்கு அவங்களும் சும்மா 250-ன்னு நீங்க சொன்னதை எழுதிக்க மாட்டாங்க, அறிக்கை கேப்பாங்க.

கேள்வி: மதிப்பு போட எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி காசையெல்லாம் தேச்சு பளிச்சுன்னு ஆக்கிட்டா நல்ல விலை போடுவாங்க இல்ல?

ஐயோ வேணாம். கைய வெக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். மதிப்பு போடறவர் எப்படி பாக்கறார்னு ஒரு தடவை கிட்ட உக்காந்து கவனிச்சா புரியும். ரூம் லைட்டை அணைச்சுட்டு ஒரே ஒரு விளக்குக்கு கீழ காசை விளிம்புல பிடிச்சு மெதுவா சாய்ப்பார். தேயாத காசுன்னா வெளிச்சம் ஒரு பட்டையா நடுவுல இருந்து கிளம்பி வண்டிச் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி சுத்தும், காசை திருப்பத் திருப்ப அதுவும் சுத்தும். அச்சுல இருந்து அடி வாங்கும்போது உலோகம் வெளிப்பக்கமா வழிஞ்ச கோடுங்கதான் அந்த மினுமினுப்பு, கண்ணுக்கு தெரியாத அளவு மெல்லிசு. நீங்க பேஸ்டோ சாம்பலோ வெச்சு தேச்சா முதல்ல போறது அதுதான். அப்புறம் சாய்ச்சா வெளிச்சம் சுத்தாது, செத்த மாதிரி ஒரே இடத்துல நிக்கும், கூடவே ஒரே திசையில முடி முடியா கீறல் தெரியும். லென்ஸை கண்ணுல இருந்து எடுக்காமலே "கழுவினது"ன்னு சொல்லி விலையை பாதிக்கு கீழ இறக்கிடுவார். கறுத்துப் போன வெள்ளி கறுப்பாவே இருக்கட்டும், நீலமும் ஊதாவுமா நிறம் ஏறின காசுக்கு கூடுதல் பணம் குடுத்து வாங்கற ஆளுங்க இருக்காங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவசரம். வளையற மெத்து பிளாஸ்டிக் உறையில இருக்கிற காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஏதாவது தெரிஞ்சா அது பிவிசி பிளாஸ்டிக் சிதைஞ்சு வர்ற வினை, அதுல இருந்து வர்ற அமிலம் செம்பை அரிச்சுக்கிட்டே இருக்கும். உறையை விட்டு வெளிய எடுத்து தனியா வையுங்க, மைலார் மாதிரி வினை புரியாத உறைக்கு மாத்துங்க, சுத்தம் பண்றதை தெரிஞ்சவர்கிட்ட விடுங்க. இதுல இன்சூரன்ஸ் பேச்சுக்கே இடமில்ல, மெல்ல மெல்ல அரிச்சது, துருப் பிடிச்சது, நிறம் மாறினதுக்கெல்லாம் சாதாரணமா பாலிசி காசு தராது.

கேள்வி: எல்லா காசையும் கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி பெட்டியில சீல் பண்ணி வாங்கினாதான் இன்சூரன்ஸ் ஏத்துப்பாங்களாமே? கிரேடுன்னா என்ன, அது அவ்வளவு நம்பகமா?

எல்லாத்தையும் அனுப்பினா கிரேடிங் ஃபீஸே காசு விலையை முழுங்கிடும். கலெக்ஷன்ல மேல் தட்டுல இருக்கிற கொஞ்சம் காசு, விலை கூடினது, இல்ல ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு சண்டை வரக்கூடியது, அதை மட்டும் அனுப்புங்க. பிசிஜிஎஸ் 1986-லயும் என்ஜிசி 1987-லயும் ஆரம்பிச்ச அமெரிக்க கிரேடிங் கம்பெனிங்க, இவங்க காசை பாத்து நம்பர் போட்டு கெட்டி பிளாஸ்டிக் வில்லையில அடைச்சு தர்றாங்க, அதை ஸ்லாப்னு சொல்றது. ஸ்லாப் மேல இருக்கிற நம்பரை அவங்க பதிவுல சரி பாத்துக்கலாம்ங்கறது இன்சூரன்ஸுக்கு பெரிய வசதி. போலி ஸ்லாப்பும் வருது, அதனால நம்பரை நிஜமாவே சரி பாருங்க, லேபிளை பாத்து மயங்காதீங்க.

கிரேடுன்னா காசு எவ்வளவு தேயாம, குறையில்லாம இருக்குன்னு சொல்ற நம்பர், அளவுகோல் 1-ல இருந்து 70 வரைக்கும். 60-ம் அதுக்கு மேலயும்னா புழக்கத்துக்கே போகாத காசு. இதை 1949-ல கொண்டு வந்தவர் வில்லியம் ஷெல்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர், பழைய அமெரிக்க பெரிய செம்பு சென்ட்டுக்காக போட்ட கணக்கு, 1-ங்கிற கிரேடுல இருக்கிற காசை விட 70-ல இருக்கிறது 70 மடங்கு விலைன்னு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்யாப் போச்சு, நம்பர் மட்டும் நின்னுடுச்சு. இப்போ 64-க்கும் 65-க்கும் நடுவுல ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு சில காசுல விலை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏறும், அதனாலதான் அறிக்கையில கிரேடு எழுதாம வெறும் "நல்ல கண்டிஷன்"னு இருந்தா அது செல்லாக்காசு.

இந்த ஷெல்டன் கதையை சொல்லாம விட மனசு வரல. ஊருக்கே தரம் பிரிக்க கத்துக் குடுத்த மனுஷன், அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டிங்கற காசு ஆராய்ச்சி சங்கத்தோட சேகரிப்புல இருந்த நல்ல சென்ட்டை எடுத்துட்டு அதே வகையில தரம் குறைஞ்ச தன்னோட காசை அங்க வெச்சுட்டு வந்திருக்கார், நூத்துக்கும் மேல. அவர் செத்த பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு. எப்படி கண்டுபிடிச்சாங்க தெரியுமா, அந்த காசுங்களோட பழைய போட்டோ இருந்துச்சு, அங்க இருந்த காசு அதோட ஒத்துப் போகல. போட்டோ போட்டோன்னு நான் ஏன் கத்தறேன்னு இப்ப புரியுதா.

நிபுணர் சொன்னா வேதவாக்கான்னு கேட்டா அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1913 தேதி போட்ட அமெரிக்க லிபர்ட்டி நிக்கல்னு ஒரு அஞ்சு சென்ட் காசு, உலகத்துலயே அஞ்சுதான் இருக்கு. அதுல ஒண்ணை வெச்சிருந்த ஜார்ஜ் வால்டன் 1962-ல கார் விபத்துல போயிட்டார், விபத்து நடந்த இடத்துலயே காசும் கிடைச்சுது. குடும்பம் அதை காட்டினப்போ பாத்த நிபுணருங்க தேதியை மாத்தி செஞ்ச போலின்னு சொல்லி திருப்பி குடுத்துட்டாங்க. அப்புறம் அது அவங்க வீட்டு அலமாரியில நாப்பது வருஷத்துக்கு மேல கிடந்துச்சு. 2003-ல மத்த நாலும் ஒரே இடத்துல கண்காட்சிக்கு வந்தப்போ அதுங்களோட பக்கத்துல வெச்சு ஆறு நிபுணர்கள் பாத்து இது அசல்தான்னாங்க. 2013-ல ஏலத்துல 31 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதுக்காக உங்க வீட்டு டப்பாவுல அப்படி ஒண்ணு இருக்கும்னு ராத்திரி தூங்காம இருக்காதீங்க, ஆனா பெரிய விலைக் காசுன்னு சந்தேகம் இருந்தா ஒருத்தர் "போலி"ன்னு சொன்னதோட விட்டுடாம இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க.

கேள்வி: காந்தத்துல ஒட்டலைன்னா வெள்ளிதானே? இதுக்கு எதுக்கு கூலி குடுத்து ஆளைக் கூப்பிடணும்?

ஈயமும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. காந்தம் இரும்பு, நிக்கல் மாதிரி ஒட்டற உலோகத்துல செஞ்ச போலியை மட்டும்தான் காட்டிக் குடுக்கும். அடர்த்தி பாக்கறது அதை விட நல்ல சோதனை: காசை காத்துல நிறுத்துட்டு, நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விட்டு நிறுத்து, எடை எவ்வளவு குறைஞ்சுதோ அதால முதல் எடையை வகுக்கணும். 25 கிராம் காசு தண்ணியில 2.43 கிராம் குறைஞ்சா 10.3 வரும், அது நூத்துக்கு தொண்ணூறு பங்கு வெள்ளி கலந்த காசுக்கு பொருத்தமா இருக்கு. சுத்த வெள்ளி 10.5, செம்பு 9-க்கு கொஞ்சம் கீழ, ஈயம் 11.3. தங்கத்துக்குத்தான் தலைவலி, அது 19.3, டங்ஸ்டனும் கிட்டத்தட்ட அதே 19.3, உள்ள டங்ஸ்டன் வெச்சு மேல தங்கம் பூசினா தண்ணி சோதனையில தப்பிச்சுடும். என்ன உலோகம்னு சொல்ற எக்ஸ்ரே மெஷின்ல வெச்சாலும் அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும்.

சரியான வெள்ளியில அடிச்ச போலியும் இருக்கே, அதை எழுத்தோட வடிவம், விளிம்புக் கோடு, அச்சோட சின்னச் சின்ன குறையெல்லாம் பாத்து பழகின கண்ணாலதான் பிடிக்க முடியும். கூலி அந்த கண்ணுக்கு. அப்புறம் தேயாத புதுக் காசை தண்ணியில முக்கி விளையாடாதீங்க.

கேள்வி: வீட்டு இன்சூரன்ஸ் இருக்கு, அதுலயே காசும் அடங்கும்னு ஏஜென்ட் சொல்றார். தனியா எதுக்கு?

ஏஜென்ட் வாயால சொன்னது கிளைம் அன்னிக்கு எங்கயும் இருக்காது, பாலிசி பத்திரத்துல எந்த பக்கம்னு காட்டச் சொல்லுங்க. வீட்டுப் பாலிசியில பணம், காசு, தங்கக் கட்டி இதுக்கெல்லாம் தனியா ஒரு சின்ன உச்சவரம்பு போட்டிருப்பாங்க, மொத்த பாலிசி எவ்வளவு பெருசா இருந்தாலும் அதுக்கு மேல வராது, சிலதுல சேகரிப்புக் காசே சேராதுன்னு எழுதி இருக்கும். மதிப்பு அந்த வரம்பைத் தாண்டினா ஒவ்வொரு காசா பட்டியல் போட்டு பாலிசியோட சேக்கணும், இல்ல கலெக்ஷனுக்குன்னே இருக்கிற பாலிசி எடுக்கணும்.

பத்திரத்தை படிக்கும்போது கண்ணை நல்லா தொறந்து வெச்சுக்க வேண்டிய இடம் சராசரி விதி. கலெக்ஷன் 100 மதிப்பு இருக்கு, பிரீமியம் மிச்சம்னு 60-க்கு பாலிசி எடுத்தீங்க, திருடன் பாதியை எடுத்துட்டு போயிட்டான், நஷ்டம் 50. 60-க்குள்ளதானே இருக்கு, 50-ம் வந்துடும்னு நினைப்பீங்க. வராது. நூத்துல அறுபதுதான் இன்சூர் பண்ணினீங்க, அதனால நஷ்டத்துலயும் நூத்துக்கு அறுபதுதான்னு 30 குடுப்பாங்க. இந்த விதி உங்க பாலிசியில இருக்கா இல்லையான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

எப்படி காணாம போச்சுன்னே தெரியாதுங்கற கேஸுக்கு பல பாலிசி கை விரிச்சுடும். ஆள் இல்லாத கார்ல வெச்சுட்டு போனா பெரும்பாலும் கிடையாது. ஒரு செட்ல ஒரு காசு மட்டும் போனா மொத்த செட் விலை தருவாங்களா, ஒண்ணோட விலையா, அதையும் கேளுங்க, வருஷ வரிசையா முழு செட் வெச்சிருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். பேங்க் லாக்கர்ல இருக்குன்னா பிரீமியம் குறைய வாய்ப்பிருக்கு, ஆனா லாக்கருக்குள்ள இருக்கிறதுக்கு பேங்க் இன்சூரன்ஸ் போட்டிருக்கும்னு நினைச்சுக்காதீங்க, அது உங்க வேலை.

கேள்வி: போட்டோ எடுக்கணும்கறீங்க, மொபைல்ல எடுத்தா போதுமா? எப்படி எடுக்கணும்?

மொபைல் தாராளம். கையில பிடிச்சு ஆட்டாம நாலு புத்தகத்தை அடுக்கி அது மேல போனை நீட்டி வெச்சு நேர் மேல இருந்து எடுங்க, ஃபிளாஷ் வேணாம், பக்கவாட்டுல இருந்து ஒரு விளக்கு சாய்ச்சு வெச்சா மேடு பள்ளமெல்லாம் தெளிவா விழும். பக்கத்துல ஒரு ஸ்கேல். ரெண்டு முகமும், விலை கூடின காசுக்கு விளிம்பும். அழகான போட்டோ வேணாம், குறை தெரியற போட்டோ வேணும், கன்னத்துல இருக்கிற கீறல், எழுத்துக்கு கீழ இருக்கிற கறுப்புப் புள்ளி, ஓரத்துல அடிபட்ட சின்ன நசுங்கல், இதுதான் அந்த காசோட மச்சம். ஒரே வருஷக் காசு லட்சக்கணக்குல இருக்கும், அந்த மச்சம் உங்க காசுல மட்டும்தான்.

அமெரிக்காவுல 1967-ல டூபான்ட்ங்கற பெரிய பணக்காரக் குடும்பத்து காசு கலெக்ஷனை வீடு புகுந்து கொள்ளையடிச்சுட்டு போனாங்க. அதுல இருந்த, 1804 தேதி போட்ட ஒரு டாலர் காசு 1982-லதான் திரும்ப கிடைச்சுது, 1866 தேதி போட்ட ஒரு அபூர்வ டாலர் வர 2004 ஆயிடுச்சு. அத்தனை வருஷம் கழிச்சும் இது அந்த காசுதான்னு சொல்ல முடிஞ்சுதுன்னா எவ்வளவு விவரமா பதிவு இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

போட்டோவும் அறிக்கையும் காசு இருக்கிற அலமாரியிலயே வெக்காதீங்க, அதையும் சேத்து தூக்கிட்டு போவான். ஒரு காப்பி வேற வீட்டுல, ஒண்ணு ஆன்லைன்ல. ஊருக்கு காட்ட ஸ்டேட்டஸ்ல போட்டா எந்த வீட்டுல எடுத்ததுங்கற தகவலும் சில சமயம் போட்டோவோடவே போகும், ஆசையை அடக்கிக்கோங்க.

கேள்வி: ஒரு தடவை போட்ட மதிப்பு எத்தனை வருஷம் செல்லும்?

காசுக்கு காசு மாறும். அபூர்வத்துக்காக விலை போற காசுன்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்ங்கறது என் அபிப்பிராயம். உலோகத்துக்காக விலை போற தங்க, வெள்ளிக் காசுன்னா வருஷா வருஷம் பாருங்க. 1980 ஜனவரியில ஒரு அவுன்ஸ் வெள்ளி 50 டாலர் கிட்ட போச்சு, மார்ச் கடைசியில 11 டாலருக்கு கீழ வந்துடுச்சு, ரெண்டே மாசம்தான். ஜனவரியில போட்ட அறிக்கையை வெச்சு மார்ச்ல பிரீமியம் கட்டினவன் கதையை யோசிங்க. விலை ஏறும்போது இதே கதை தலைகீழா நடக்கும், அப்போ மேல சொன்ன சராசரி விதி வந்து உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவையும் முழு ஆய்வு தேவையில்ல, காசு அதேதான், கிரேடு அதேதான், விலையை மட்டும் புதுப்பிச்சு தேதி போட்டு குடுங்கன்னு அதே ஆள்கிட்ட கேட்டா கம்மி கூலிக்கு செய்வார். நடுவுல புதுசா வாங்கினதை மட்டும் பில்லோட கம்பெனிக்கு எழுதி சேத்துடுங்க, அடுத்த வேல்யுவேஷன் வரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க.

கேள்வி: சார், சிரிக்காதீங்க. இருபது வருஷமா காசுக்கு எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்னு வீட்டுல தெரியாது. மதிப்பு போட்டா பேப்பர்ல தொகை வரும். அதை அவகிட்ட காட்டாம இன்சூர் பண்ண முடியுமா?

முடியும், பாலிசி உங்க பேர்லதான் இருக்கும், மனைவி கையெழுத்து யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா முதல் கேள்வி கேட்ட அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க, அவங்க அப்பாவும் ஒண்ணும் சொல்லாமத்தான் போயிருக்கார், இப்போ ஃப்ரீயா மதிப்பு போட ஒருத்தர் வாசல்ல நிக்கறார். தொகையை சொல்ல தைரியம் இல்லைன்னா பட்டியலையாவது குடுத்து வையுங்க, காசு பேரும் போட்டோவும் இருக்கிற பக்கம் தனி, விலை இருக்கிற பக்கம் தனின்னு ரெண்டா அச்சடிச்சு தரச் சொல்லலாம், நான் கேட்டு வாங்கியிருக்கேன். விலைப் பக்கத்தை கவர்ல ஒட்டி பாலிசியோட வெச்சுட்டேன். என் வீட்டுல அந்த கவரை எப்பவோ பிரிச்சுப் பாத்து திரும்ப ஒட்டியாச்சுன்னு கோந்து பூசின விதத்துலயே தெரியுது, இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல, நானும் கேக்கல.